வீரர்களின் பெயரை அவர்கள் வீட்டாரே வாசிக்கட்டும்: இரு துறை இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள், முன்னாள் படைவீரர் நலத்துறை, தமிழ்நாடு அரசு.
இயக்குநர் அவர்கள், பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககம், தமிழ்நாடு அரசு.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வேலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் அரசுப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தொண்ணூறுகளில், பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பித்த அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தேன். இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின்கீழ் எங்கள் ஊர் மையத்தில் தன்னார்வலராக மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். இரண்டு துறைகளுக்கும் தனித்தனியே விண்ணப்பம் போடாமல் ஒரே மடலாக, அதுவும் எல்லோரும் பார்க்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்ல வந்த செய்தி, இரண்டு துறைகளுக்கும் நடுவில், எவருடைய கோப்பிலும் ஏறாமல் நெடுங்காலமாகக் கிடக்கிறது. நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். அந்தப் பெயரைப் படிக்க அவர்களுடைய மனைவிக்கும் தாய்க்கும் கற்றுத் தரவில்லை. வீரருக்குச் செய்யும் மரியாதையையும் அவர் வீட்டாருக்கு எழுத்தறிவிப்பதையும் ஒரே கடமையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கும் படைக்கும் உள்ள உறவை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்று அழைக்கும் வழக்கம் இங்கே உண்டு. அந்த ஊருக்கு மட்டுமன்றிச் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்கும் பொருந்தும் பெயர்தான் அது. தாத்தா, தகப்பன், மகன் என்று வரிசையாக வெலிங்டனிலோ பெங்களூருவிலோ பயிற்சி முடித்துப் போனவர்கள் எங்கள் தெருக்களிலேயே இருக்கிறார்கள். போகிறவர்கள் எட்டாவதோ பத்தாவதோ படித்திருப்பார்கள். படையில் சேர்ந்தபின் ராணுவமே மேற்கொண்டு கற்றுக் கொடுத்தது: பதவி உயர்வுக்குக் கல்விச் சான்றிதழ் வேண்டும், வரைபடம் பார்க்கத் தெரிய வேண்டும், இந்தி பேச வேண்டும். அதற்கென்றே ராணுவக் கல்விப் பிரிவு ஒன்று தனியாக உண்டு. மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் அதற்குப் பயிற்சி மையமும் உண்டு. ஆக, படையில் சேர்ந்த ஆணுக்கு எழுத்தைக் கொடுக்க அரசு எந்தக் காலத்திலும் தயங்கியதில்லை. அவருடைய வேலைக்கு அது தேவைப்பட்டது. ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறைக்கு வந்து போகும் அவருக்காக வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளையும் காத்து நின்ற பெண்ணுக்கும் எழுத்து தேவைப்படும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆண்களின் எழுத்தறிவு 86.77 விழுக்காடு, பெண்களுடையது 73.44 விழுக்காடு. இடைவெளியாக நிற்கும் அந்தப் பதின்மூன்று விழுக்காட்டின் முகங்கள் எங்கள் ஊரில் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று என்னால் விரல் நீட்டிக் காட்ட முடியும்.

அவர்களில் ஓர் அம்மாவைப் பற்றி, அவருடைய சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். 1971 டிசம்பர்ப் போரில் மேற்கு எல்லையில் அவருடைய கணவர் இறந்தார். அந்தக் காலத்தில் போர்க்களத்திலிருந்து உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. 1999 கார்கில் போரின்போதுதான் மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டிகள் ஊர் ஊராக வரத் தொடங்கின. அதற்கு முன்பு இறந்தவர்களின் வீடுகளுக்கு வந்தது ஒரு தந்தி. பிறகு உடைமைகளோடு ஒரு டிரங்குப் பெட்டி. பிறகு கடிதங்களும் ஆணைகளும். முகத்தைப் பார்த்து அழுவதற்குக்கூட வழியில்லாமல், கணவனின் சாவு முழுக்க முழுக்கக் காகிதமாக வந்து சேர்ந்த தலைமுறை அது. அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். தந்தியைத் தபால்காரர் வாசலிலேயே நின்று படித்தாராம். மாமனாரிடம்தான் விஷயத்தைச் சொன்னார். இவருக்குச் சொல்வதற்குள் தெருவே கூடிவிட்டது. தன் வீட்டுச் செய்தியைத் தெருவுக்குப் பின்னால் தெரிந்துகொண்டவர் அவர்.

வகுப்புக்கு வரத் தொடங்கிய புதிதில் அந்த அம்மா ஒரு மஞ்சள் பையைக் கொண்டு வருவார், ஆனால் திறக்க மாட்டார். அ, ஆ தாண்டி, கூட்டெழுத்தெல்லாம் தாண்டி, பேருந்தின் ஊர்ப்பலகையைத் தாமே படிக்கும் நிலைக்கு வந்த பிறகு ஒரு நாள் அதைத் திறந்தார். உள்ளே அவருடைய கணவர் எழுதிய உள்நாட்டுக் கடிதங்கள் இருந்தன. மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, சில இடங்களில் துணிநூலால் தைத்து வைத்திருந்தார். நீல மை பழுப்பேறியிருந்தது. அத்தனையும் அவருக்குப் பிறர் படித்துச் சொன்னவைதாம்: பக்கத்து வீட்டுப் பையன், நாத்தனார், சில நேரம் தபால்காரர். அவற்றை நானும் பார்த்தேன். "இங்கு நான் நலம். அங்கு அம்மா, அப்பா, தம்பி, நீ அனைவரும் நலமா?" என்பதற்குமேல் மனைவிக்கென்று ஒரு வரியும் இல்லை. தன் கடிதம் மாமியார் முன்னிலையில் மூன்றாம் ஆளின் வாயால் வாசிக்கப்படும் என்று தெரிந்த ஒருவர் வேறு எப்படி எழுதியிருப்பார்? எழுத்தறியாமை அந்த அம்மாவை வாசிக்கவிடாமல் செய்தது மட்டுமன்றி, அவருக்கு எழுதப்பட்டிருக்க வேண்டியதையும் எழுதவிடாமல் தடுத்துவிட்டது. அந்த அம்மா ஒவ்வொரு கடிதமாக, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். "என் பேரு எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டார். கடிதங்களின் உள்ளே இல்லை. வெளிப்பக்கத்தில், முகவரியில் இருந்தது. அதைக் காட்டினேன். அதைப் பல முறை படித்தார்.

இது உணர்ச்சியோடு முடிந்துவிடும் விஷயமாக இருந்தால் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். போரில் இறந்தவரின் குடும்பத்துக்குப் படிப்பறிவு இல்லாமல் போனால் வரும் இழப்பு ரூபாய்க் கணக்கிலும் தெரியும். ராணுவக் குடும்ப ஓய்வூதியத்தில் சாதாரணம், சிறப்பு, தாராளமயமாக்கப்பட்டது என்று வகைகள் உண்டு என்பதை நலத்துறை இயக்குநருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பணியோடு தொடர்பில்லாத இறப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, பணியால் நேர்ந்த இறப்புக்கு 60 விழுக்காடு, போரில் உயிர்நீத்தவரின் குடும்பத்துக்குக் கடைசிச் சம்பளம் முழுவதும். ஓய்வூதிய ஆணையில் அச்சாகியிருக்கும் ஒற்றைச் சொல், ஒரு குடும்பத்தின் வருமானத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிவிடலாம். அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத பெண், தனக்கு வருவது சரியான தொகைதானா என்று யாரைக் கேட்பார்? கணவனின் அண்ணன், தம்பி, வங்கியில் கூட வருகிற உறவுக்காரப் பையன், இணையச் சேவை மையத்தில் இருப்பவர் என்று ஒவ்வொருவரையும் நம்பித்தான் ஆக வேண்டும். நல்லவர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு தியாகியின் மனைவி ஆயுள் முழுவதும் பிறருடைய நல்ல குணத்தை நம்பியே பிழைக்க வேண்டும் என்பது அவருக்கு நாம் கொடுக்கும் மரியாதை ஆகாது. இப்போது எல்லாம் பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்துக்கு மாறிவிட்டன. ஆண்டுதோறும் ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். ஓ.டி.பி. எனும் கடவு எண் வரும். அந்த எண்ணைப் பிறரிடம் சொல்லாதீர்கள் என்று அதே குறுஞ்செய்தியில் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரியாதவர், கைப்பேசியை அப்படியே நீட்டிப் படித்துக் காட்டச் சொல்கிறார்.

எங்கள் மையத்துக்கு வரும் இன்னொரு அம்மாவுக்கு மாதாமாதம் வங்கியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தவர் நெருங்கிய உறவினர்தான். எவ்வளவு வருகிறது, எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பது அவர் வங்கிப் புத்தகத்தில் எண்களைத் தாமே படிக்கக் கற்ற பிறகுதான் தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை, யாரையும் காட்டிக் கொடுக்கவும் இல்லை. அடுத்த மாதம் முதல் தாமே வங்கிக்குப் போய், கைநாட்டு வைக்க மறுத்து, கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கினார். எழுத்தறிவின் பயனை அளக்க உங்கள் படிவங்களில் பல கட்டங்கள் இருக்கும். இதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

நினைவுக் கல்லுக்கு வருகிறேன். வேலூர் லாங் பஜாரிலுள்ள மணிக்கூண்டைப் பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போரின் நினைவாக அதில் ஒரு பலகை இருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தனர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. நாடெங்கும் ஒரே வாசகத்தை வைத்துக்கொண்டு ஊரின் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றிப் பதித்த பலகைகளில் இதுவும் ஒன்று. வேலூரும் அதில் கிராமம்தான். அந்தப் பதினான்கு பேர் யார் என்று பலகை சொல்லவில்லை. இராக்கின் பாஸ்ராவிலுள்ள நினைவுச் சின்னத்திலும் இதுதான் நடந்தது. மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்த அதிகாரிகளின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வெறும் எண்ணாகப் பதிவானார்கள். அப்போரில் மாண்ட இந்தியர்கள் 74,000 பேருக்கு மேல். உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் வீரர்களின் நினைவிடங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, இந்தியர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கர்களும் எகிப்தியர்களுமாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடுபட்டார்கள் என்றும் ஒப்புக்கொண்டது; ஆணையம் மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு கழித்துக் கேட்ட மன்னிப்பு.

ஆனால் பெயரை எழுதும் மரபு நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி (தமிழின் மிகப் பழைய எழுத்து) நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவரும் சண்டையில், இறந்த ஒருவனுக்காக நட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முற்பட்ட அந்தக் கல்லில் அவனுடைய பெயர் இருக்கிறது: தீயன் அந்தவன். எங்களுக்குப் பக்கத்திலேயே, செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபட, அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றதை அது சொல்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது, 1914இல் கடல் தாண்டிப் போன வேலூர்க்காரர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடுகல் இறந்தவனின் ஊரில், அவனுடைய சுற்றத்தார் கண்ணெதிரே, அவர்கள் பேசிய மொழியில், வழக்கில் இருந்த எழுத்தில் நின்றது. தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டிருப்பதை நன்றியோடு நினைக்கிறேன். எண்களாகக் கிடந்தவர்கள் அங்கே பெயர்களானார்கள். ஆனால் எங்கள் ஊர் அம்மாக்கள் தில்லிக்குப் போகப் போவதில்லை. அவர்கள் தினமும் கடந்து போவது பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தின் அருகிலுள்ள கல்லைத்தான். அதிலுள்ள எழுத்து ஆங்கிலம்.

எனவே நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். போரிலோ பணியிலோ இறந்த வீரர்களின் குடும்பப் பட்டியல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர்களைத் தேடிக் கண்டுபிடித்து வகுப்பில் சேர்க்கும் பொறுப்பும், கற்பிக்கத் தன்னார்வலர்களும் வயதுவந்தோர் கல்வி இயக்ககத்திடம் இருக்கிறார்கள். இரண்டு பட்டியல்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் போதும், எந்த ஊரில் எந்த வீட்டுக்கு முதலில் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். இதற்குப் புதிய திட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். 2022 முதல் 2027 வரை 1,037.90 கோடி ரூபாயில் வகுக்கப்பட்ட தேசியத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. அது முடிவதற்குள் இந்தக் குடும்பங்களை வரிசையின் முன்னால் கொண்டுவாருங்கள். வயதானவர்கள் மையத்துக்கு நடந்து வர முடியாவிட்டால் தன்னார்வலர் வீட்டுக்கே போகட்டும். இருநூறு மணி நேர வகுப்பு என்ற அளவை அவர்களுக்குக் கட்டாயமாக்க வேண்டாம். எழுபது வயதில் மங்கிய பார்வையோடு படிப்பவருக்கு முதல் தேவை கண்ணாடி. அதை எந்தத் துறை வாங்கிக் கொடுப்பது என்று இரு துறைகளும் கோப்பைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம்.

பாடநூலோடு சிறு துணைநூல் ஒன்றும் வேண்டும். ஓய்வூதிய ஆணை, அடையாள அட்டை, ஆயுள் சான்று, வங்கிப் புத்தகம், கைப்பேசிக் குறுஞ்செய்தி ஆகிய ஐந்தையும் பாடமாக வைத்து, உண்மையான படிவத்தின் படத்தைப் போட்டு, எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று தமிழில் சொல்லும் நூல். ஆணைகள் ஆங்கிலத்தில் வருவதால், தம் ஓய்வூதியத்தின் வகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை உருவம் பார்த்து அடையாளம் காணும் அளவுக்காவது அதில் பயிற்சி இருக்க வேண்டும். அறிவொளி நாள்களில், மக்களின் வாழ்க்கையில் புழங்கும் சொல்லிலிருந்து எழுத்துக்குப் போனோம். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் கற்றதும் எழுத்துக் கற்றதும் ஒரே வீச்சில்தான் நடந்தன. தேவையும் எழுத்தும் சேர்ந்து வந்தால் எந்த வயதிலும் கற்பார்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கற்களைப் பொறுத்தவரை, பழையவற்றை அகற்றச் சொல்லவில்லை. அவற்றின் பக்கத்திலேயே, நின்று பார்க்கும் பெண்ணின் கண்மட்டத்தில், தள்ளி நின்றாலும் தெரியும் பெரிய எழுத்தில், தமிழ்ப் பலகை ஒன்று வையுங்கள். வீரரின் பெயர், படைப்பிரிவு, இறந்த இடம், ஆண்டு, அதற்குமேல் வேண்டாம். பெயரைப் பொறிப்பதற்கு முன் அந்த வீட்டாரிடம் கேளுங்கள். ராணுவப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் உள்ள பெயரை அலுவலகத்தில் உட்கார்ந்து தமிழாக்கினால் ழகரம் லகரமாகும், தலைப்பெழுத்து மாறும். தன் மகன் பெயர் தப்பாக வெட்டப்பட்ட கல்லை ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் தண்டனை எந்தத் தாய்க்கும் வேண்டாம். முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கும் இது சாத்தியம்தான். போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் பல இந்திய வீரர்களுக்குத் தந்தையின் பெயரும் ஊரும் மாவட்டமும் குறிக்கப்பட்டுள்ளன. எங்கள் பகுதியின் அன்றைய மாவட்டப் பெயரான வட ஆர்க்காடு என்று தேடி எடுத்து, நம் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களிடம் ஒப்படைத்தால், மணிக்கூண்டிலுள்ள பதினான்கில் சிலருக்காவது பெயர் கிடைக்கும். கிடைத்தவரை எழுதுவோம்.

கடைசியாக ஒன்று. ஜூலை 26 கார்கில் நாளிலும் டிசம்பர் 7 கொடிநாளிலும் மலர்வளையம் வைக்கிறோம், சால்வை போர்த்துகிறோம், இரண்டு நாளில் வெளுத்துப் போகும் ஃபிளக்ஸ் கட்டுகிறோம். வீரரின் மனைவியை மேடையில் உட்கார வைக்கிறோம், ஆனால் பேசுவதெல்லாம் மற்றவர்கள். அந்நாள்களில் ஊர் வீரர்களின் பெயர்ப்பட்டியலை வாசிக்கும் பொறுப்பை, படிக்கக் கற்ற அந்தக் குடும்பத்துப் பெண்கள் விரும்பினால் அவர்களிடமே கொடுங்கள். விரும்பினால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எழுத்துக் கூட்டித் திணறும் முதியவரைப் படமெடுத்துப் பரப்பும் நிகழ்ச்சியாக அது ஆகிவிடக் கூடாது.

இம்மடலுக்கு நீங்கள் எழுதும் பதிலைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட்டு, மாவட்ட நல அலுவலகத்தின் வழியாக எங்கள் மையத்தின் முகவரிக்கு அனுப்புமாறு வேண்டுகிறேன். வருகிற கிராம சபைக் கூட்டத்தில் அதைப் படிக்க எங்கள் கற்போர் இருவர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தன்னார்வல ஆசிரியை ஒருவர்,
வேலூர் மாவட்டம்.